முதல் தளம்: 640 சதுர அடி

நோட்டீஸ் நம்ம வீட்டுக்குத்தானா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
ஆனையூர், அதே தெரு, அதே கதவு எண்.
சோணைமுத்து, த/பெ காத்தவராயன். நான்தான்.
தரைத்தளம் சரி.
அதற்கு அடுத்த வரியில்
நான் கட்டாத முதல் தளம்.
அரையாண்டுக்கு ஆயிரத்து நூற்றி நாற்பது
இரண்டாயிரத்து எண்ணூற்றிச் சொச்சம் ஆகியிருந்தது.

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன்,
எனக்கே ஒரு சந்தேகம்.
நாலு மூலையிலும் துருவேறிய கம்பிகள்,
தலையில் கவிழ்த்த தண்ணீர் பாட்டில்களோடு.
கொடியில் என் காக்கிச் சட்டை.
பாண்டியம்மா வற்றல் காயப்போட்டிருந்தாள்,
காக்கைக்குப் பயங்காட்டக் கறுப்புத் துணி கட்டி.
அந்தக் கம்பி கிலோ என்ன விலைக்கு வாங்கினோம் என்று
இன்னும் சொல்வாள்.
நான் கேட்பதில்லை.

இருபத்தாறு வருஷம்
ஆரப்பாளையம் தேனி வண்டியில்
ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழித்ததில்லை நான்.

முதலில் எழுதிய மனுவில் கோபம் அதிகம், கிழித்துவிட்டேன்.
அடுத்ததில் கும்பிடு அதிகம், பாண்டியம்மா கிழித்தாள்.
கடைசியில் ஒரே வரி:
மேற்படி தளம் மேற்படி வீட்டில் இல்லை.

மண்டல அலுவலகத்தில் மூன்றாம் நாள்
மெர்சி கிரேஸ்லின் மேடம் மேசைக்கு
வந்து சேர்ந்தேன்.
‘சும்மா போடலங்க. மேலருந்து வந்தது’ என்றார்.
ஆபீஸில் எல்லாரும் சொல்கிற மேல் என்று நினைத்தேன்.
ஆகாயமாம்.
திரையைத் திருப்பினார்.

தெரு முழுக்கக் கறுப்புச் சின்டெக்ஸ் தலைகள்.
நடுவில் என் வீடு மட்டும்
ஓரம் முதல் ஓரம் வரை நல்ல நீலம்.
மூலையில் தேதி.

மேடம், அது கூரை இல்லை. தார்ப்பாய்.
செல்வமீனாவுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு.
மண்டபம் கேட்ட காசுக்கு
ஒரு பிரசவமே பார்த்துவிடலாம்.
செல்லூரில் வாடகைக்கு எடுத்து
விடியுமுன் அந்தக் கம்பிகளில் கட்டி
ராத்திரி அவிழ்த்தோம்.
பதினொன்றரை மணிக்கு மேலே என்னமோ இரைந்தது.
சம்பந்தி, வண்டு என்றார்.
பிள்ளைகள், வீடியோக்காரன் என்று
ஓரத்துக்கு ஓடிக் கையாட்டின.

‘ரசீது இருக்கா?’

கண்டக்டரிடம் கேட்கிற கேள்வியா இது?
தோல்பையின் உள்ளறையிலிருந்து எடுத்து வைத்தேன்.
நீலத் தார்ப்பாய் ஒன்று, ரூபாய் எழுநூறு.
கீழே வேறு மையில்:
கிழிசல் இல்லாமல் திரும்பி வந்தது.
அப்போதுதான் மேடம் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை பில் கலெக்டர் தவமணி வந்தார்.
படியேறி, டேப்பை இழுத்தார்.
எதை அளப்பது என்று ஒரு நிமிஷம் நின்றார்.
டேப்பை விட்டார், சர்ரென்று உள்ளே போனது.
வற்றல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
‘உப்பு கம்மி’ என்றார்.
எழுதினார்: தளம் இல்லை.
கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

பழைய வரியே என்று உத்தரவு வந்தது.
பாண்டியம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்,
சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்
‘இல்லன்னு எழுதியே குடுத்துட்டீகளா’ என்றாள்.
கம்பி விலையைச் சொல்லவில்லை அன்று.

மறுபடி ஆபீஸுக்குப் போனேன்.
அந்தப் படத்தில் ஒரு நகல் வேண்டும்.
எதுக்கு என்று கவுண்டரில் கேட்டார்கள்.
ஃபைலுக்கு என்றேன்.
கட்டணம் பத்து ரூபாய். ஐம்பது நீட்டினேன்.
‘சில்லறை இல்ல. இருங்க, போகும்போது வாங்கிக்கலாம்.’
எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொன்னது!
பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மடியில் நீலம்.
அதற்குக் கீழே இரண்டாம் பந்தி நடக்கிறது,
பாயசம் பத்தாது என்று
பாண்டியம்மா என்னைத் தேடுகிறாள்.
ஒன்றும் தெரியவில்லை மேலிருந்து.
நீலத்துக்கு வெளியே, கைப்பிடிச் சுவரோரம்
கடுகளவு ஒரு புள்ளி.
கையாட்டுகிற பிள்ளையாகத்தான் இருக்கும்.
யார் வீட்டுப் பிள்ளை என்று
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்க்கிறேன்,
நாற்பது ரூபாய் வருகிற வரைக்கும்.